பெர்ல் சோப் கிளையன்ட்: எப்படி ஓட்டினாலும் 500, எதிர்ப்பக்கம் ‘எங்களிடம் வரவே இல்லை’ என்கிறார்கள்

பொம்மனஹள்ளி_புதுசு · திங்கள், இரவு 9:40

வணக்கம். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால் கொஞ்சம் கோர்வையில்லாமல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன நிறுவனம். பெங்களூர், ஓசூர் கிளைகளில் சேரும் வாடிக்கையாளர் விவரங்களை ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் எடுத்து, கூட்டாளி நிறுவனத்தின் வெப் சர்வீசுக்கு அனுப்பும். சோப் முறையில் (எக்ஸ்எம்எல்-ல் கேள்வி அனுப்பிப் பதில் வாங்குவது) பேச, பெர்லின் சோப் லைட் மாட்யூலில் எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. மேஜைக்கு அடியில் ஒரு பழைய பெட்டியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதைத் தொட்டதில்லை, தூசி தட்டியதுகூட இல்லை.

போன மாதம் அந்தப் பக்கத்திலிருந்து மெயில் வந்தது. இனிமேல் இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ்-ல் 1.2-க்குக் கீழே பேசமாட்டார்களாம், சர்வீசையும் புதிதாக எழுதிப் புது முகவரியில் வைத்திருக்கிறார்களாம். எங்கள் பெட்டியில் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8, அதற்கு 1.2 தெரியவே தெரியாது. சரி என்று புது விர்ச்சுவல் மெஷின் வாங்கி, ஸ்கிரிப்டை அப்படியே தூக்கி வைத்து, முகவரியை மட்டும் மாற்றினேன்.

அன்றிலிருந்து கிரானிலும் (ராத்திரி ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டுவது) 500, அதாவது சர்வர் பிழை, கையால் ஓட்டினாலும் 500. லாகில் ‘தோல்வி: 500’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கேட்டால் ராத்திரி ஒரு மணிக்கு உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். வராமலா 500 தருவார்கள்? எங்கே தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

ஜேசன்_பிரியர் · திங்கள், இரவு 9:52

இந்தக் காலத்தில் இன்னும் சோப்பா, அதுவும் பெர்லிலா. பைத்தானில் ஸீப் என்ற சோப் மாட்யூலைப் போட்டு, சர்வீசை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலைக் காட்டினால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

பழைய_பெர்ல்காரன் · திங்கள், இரவு 10:01

ஸீப் நல்ல மாட்யூல்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியாமல் திருப்பி எழுதினால் அதே கோளாறு பைத்தானிலும் வந்து உட்காரும். அப்போது ஒரு சனிக்கிழமையும் போயிருக்கும்.

தம்பி, முதலில் ஒன்று. வெளிவட்டச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருப்பீர்கள். 500 என்று தூரத்தில் பார்த்ததும் ஓடிப்போய் ஏறமாட்டோம் இல்லையா, பின்னால் இருக்கும் எழுத்து டியா சியா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவோம். இந்த 500-ம் அப்படித்தான். உங்கள் ஸ்கிரிப்ட் எண்ணை மட்டும் அச்சடிக்கிறது, எழுத்தை விழுங்கிவிடுகிறது.

எனக்குத் தெரிந்து இங்கே இரண்டு விதமான 500 வரலாம். ஒன்று சோப் ஃபால்ட், அதாவது சர்வர் எழுதி அனுப்பும் பிழைச் செய்தி. சோப் 1.1-ல் ஃபால்ட் எச்டிடிபி வழியாக வந்தால் 500-ல்தான் வர வேண்டும் என்பது விதி, ஆக அங்கே 500 என்பது கடித உறை மட்டும்தான், விஷயம் உள்ளே உள்ள எக்ஸ்எம்எல்-ல் இருக்கும். இன்னொன்று யாருமே அனுப்பாத 500. பெர்லில் வெப் கோரிக்கைகளை அனுப்பும் எல்டபிள்யூபி மாட்யூல், சர்வரைத் தொடவே முடியாமல் போனால், தானே ஒரு 500 பதிலைத் தயாரித்து உங்கள் கையில் கொடுத்துவிடும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பதிலின் ஹெடரில் ‘கிளையன்ட்-வார்னிங்’ என்று ஒரு வரி இருக்கும், அதில் ‘இன்டர்னல் ரெஸ்பான்ஸ்’ என்று போட்டிருக்கும். அப்படி இருந்தால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் சொல்வது சத்தியம்.

ஆக, ஸ்டேட்டஸ் வரி முழுவதையும், ஹெடரையும், பாடியையும் லாகில் போடுங்கள். சோப் லைட்டை அழைக்கும் வரியிலேயே டிரேஸ் டிபக் போட்டால் போனதும் வந்ததும் திரையில் கொட்டும். கையால் ஓட்டுவதையும் கிரானையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒரே நோய் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

பொம்மனஹள்ளி_புதுசு · திங்கள், இரவு 10:20

அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி. :)

ராத்திரி லாக் இப்போதைக்குக் கைவசம் இருப்பது இதுதான்: தொடக்கம் 1:00:01, தோல்வி 1:02:08. நேற்றும் அதே, முந்தாநாள் ஒரு விநாடி வித்தியாசம். கையால் ஓட்டினால் அப்படி இல்லை, கண் இமைப்பதற்குள் 500 வந்துவிடுகிறது. இப்போதுதான் 10:14-க்கு டிரேஸ் போட்டு ஓட்டினேன், கீழே ஒட்டியிருக்கிறேன்.

[டிரேஸ் பகுதி நீக்கப்பட்டது]

தயிர்சாதம் · திங்கள், இரவு 10:24

நீங்கள் ஒட்டியதில் பாஸ்வேர்ட் பச்சையாக இருந்தது, நீக்கிவிட்டேன். ஆனாலும் நான்கு நிமிடம் ஊர் பார்க்கக் கிடந்திருக்கிறது, நாளைக் காலை முதல் வேலையாக மாற்றச் சொல்லுங்கள். டிரேஸ் என்றால் எல்லாவற்றையும் கொட்டும், அதற்கு வெட்கம் கிடையாது. வேலை முடிந்ததும் அதை அணைக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தினமும் பாஸ்வேர்ட் லாக் ஃபைலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ரிங்ரோடு_ராத்திரி · திங்கள், இரவு 10:31

நைட் ஷிஃப்டில் இருக்கிறேன், நெட்வொர்க் பக்கம். 1:00:01-லிருந்து 1:02:08 என்றால் 127 விநாடி. இந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், எங்களுக்கு இது பழைய சொந்தக்காரர் மாதிரி.

லினக்ஸ் ஒரு கனெக்‌ஷன் தொடங்கும்போது சின் என்ற தொடக்கப் பாக்கெட்டை அனுப்பும். பதில் இல்லையென்றால் 1 விநாடி கழித்து மறுபடி, அப்புறம் 2, 4, 8, 16, 32 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே ஆறு முறை தட்டும், கடைசியில் 64 விநாடி காத்துவிட்டுக் கையை விரித்துவிடும். எல்லாவற்றையும் கூட்டுங்கள், 127. அதாவது கதவைச் சாத்தினார்கள் என்றுகூட இல்லை, சாத்தியிருந்தால் உடனே ‘மறுக்கப்பட்டது’ என்று பதில் வந்திருக்கும். தட்டுகிற சத்தத்தையே யாரோ நடுவில் விழுங்குகிறார்கள். உங்கள் ஆபீஸ் ஃபயர்வால்தான். புது மெஷின் ப்ராக்ஸி (நடுவில் நிற்கும் சர்வர்) வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்களா?

பழைய_பெர்ல்காரன் · திங்கள், இரவு 10:37

ஆ, நான் எல்டபிள்யூபி-யின் இயல்பான டைம்அவுட் 180 விநாடியை மனதில் வைத்துக்கொண்டு இது ஏன் முன்னாலேயே விழுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் கர்னல் அதற்குள் கையை விரித்துவிட்டது, சரிதான்.

பொம்மனஹள்ளி_புதுசு · திங்கள், இரவு 10:49

ஆமாம், ப்ராக்ஸி இருக்கிறது! மெஷினைக் கொடுத்த அன்றே ஒரு வரி தந்து, ஷெல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் போடச் சொன்னார்கள், போட்டேன். ஸ்கிரிப்டிலும் சூழலிலிருந்து ப்ராக்ஸியை எடுத்துக்கொள்ளும் அழைப்பு ஒன்று இருக்கிறது. அப்படியானால் கையால் ஓட்டும்போது ப்ராக்ஸி வழியாகப் போய்விடுகிறது, கிரான்...

ரிங்ரோடு_ராத்திரி · திங்கள், இரவு 10:51

கிரான் உங்கள் பாஷ்ஆர்சி-யைப் படிக்காது. அது கிட்டத்தட்ட வெறும் மேலோடு ஓடும், கட்டளைகளைத் தேடும் பாத்கூட அரைகுறையாகத்தான் இருக்கும். கிரானின் அட்டவணையான கிரான்டேபின் தலையிலேயே அந்த ப்ராக்ஸி வரியை எழுதுங்கள், அல்லது ஒரு சின்ன ஷெல் ஃபைலில் போட்டு அதிலிருந்து பெர்லை அழையுங்கள். கிரான்டேபில் எழுதினால் டாலர் குறியெல்லாம் விரியாது, மதிப்பை நேராக எழுத வேண்டும்.

பொம்மனஹள்ளி_புதுசு · செவ்வாய், காலை 8:15

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், சில்க் போர்டில் நிற்கிறோம், எப்போது நகரும் என்று தெரியாது, அதனால் நேரம் இருக்கிறது.

ராத்திரி 1:00:01 தொடக்கம், 1:00:03 தோல்வி. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை. இப்போது கிரானும் கையும் ஒரே பதிலைத் தருகின்றன, எதிர்ப்பக்கத்து லாகிலும் எங்கள் பெயர் விழுந்திருக்கிறது. உள்ளே ஃபால்ட் இருக்கிறது. செய்தியின் பாதுகாப்பைச் சரிபார்க்கும்போது பிழை ஏற்பட்டது, அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பாஸ்வேர்ட் தப்பாக இருக்குமோ என்று போன வாரமே இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

ஜேசன்_பிரியர் · செவ்வாய், காலை 8:40

அந்த ஃபால்ட் வாசகம் மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டில் சர்வீஸ் எழுதப் பயன்படும் டபிள்யூசிஎஃப்-உடையது. பாதுகாப்பு விஷயத்தில் அது வேண்டுமென்றே வாயைத் திறக்காது, என்ன தப்பு என்று சொன்னால் திருடனுக்கும் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. எதிர்ப்பக்கத்தில் செக்யூரிட்டி ஆடிட் லாகைப் போட்டால்தான் உண்மைக் காரணம் வெளியே வரும். (பெர்லைத் திட்டினேனே தவிர உதவமாட்டேன் என்று சொல்லவில்லை.)

பழைய_பெர்ல்காரன் · செவ்வாய், காலை 9:05

தங்கச்சி, நீங்கள் ஒட்டிய டிரேஸைத் தயிர்சாதம் நீக்குவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். பாஸ்வேர்டைப் பார்க்கவில்லை, நேரத்தைப் பார்த்தேன். செக்யூரிட்டி ஹெடரில் டைம்ஸ்டாம்ப் உருவான நேரம் 22:14 என்று இருந்தது, கடைசியில் இசட் எழுத்து. நீங்கள் ஓட்டியது நம்ம ஊர் நேரம் இரவு 10:14. இசட் போட்டால் கிரீன்விச் நேரம் என்று அர்த்தம், அங்கே அப்போது 16:44.

அதாவது ஐந்தரை மணி நேரம் கழித்து எழுதப்போகும் கடிதத்தை இப்போதே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். டபிள்யூசிஎஃப் இயல்பாக 5 நிமிடம் வரைதான் கடிகார வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

ஸ்கிரிப்டில் நேரத்தை எழுத்தாக்கும் எஸ்டிஆர்எஃப்டைம் அழைக்கும் இடத்தைப் பாருங்கள், ஜிஎம்டைம் (கிரீன்விச் நேரம்) இருக்க வேண்டிய இடத்தில் லோக்கல்டைம் (உள்ளூர் நேரம்) இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பழைய பெட்டியில் இது எப்படி ஓடியது என்றால், அந்தப் பெட்டியின் டைம்ஸோனே யுடிசி-யாக, அதாவது கிரீன்விச் நேரமாக வைத்திருப்பார்கள். அங்கே இரண்டும் ஒன்றுதான். புது மெஷினில் யாரோ நல்ல மனதோடு கொல்கத்தா என்று மாற்றியிருப்பார்கள்.

பொம்மனஹள்ளி_புதுசு · செவ்வாய், காலை 11:30

அந்த நல்ல மனதுக்காரி நான்தான். லாகில் நேரம் படிக்க வசதியாக இருக்குமே என்று மாற்றினேன்.

லோக்கல்டைம்தான் இருந்தது, இரண்டு இடத்தில். காலாவதி நேரத்துக்கும் தனியாக ஒன்று போட்டிருக்கிறார், அதையும் மாற்றினேன். இப்போது பாதுகாப்பைத் தாண்டி உள்ளே போகிறது, அடுத்த ஃபால்ட் வந்துவிட்டது! இந்த முறை நீளமாக, ஆக்‌ஷன் பொருந்தவில்லை, கான்ட்ராக்ட் ஃபில்டர் என்று ஏதோ சொல்கிறது.

பழைய_பெர்ல்காரன் · செவ்வாய், காலை 11:42

இது தெரிந்ததுதான். சோப் லைட் தன் இஷ்டத்துக்கு, எந்த மெத்தடை அழைக்கிறோம் என்று சொல்லும் சோப்ஆக்‌ஷன் ஹெடரை நேம்ஸ்பேஸ், நடுவில் ஒரு ஹாஷ், அப்புறம் மெத்தட் பெயர் என்று ஒட்டி அனுப்பும். டாட்நெட்காரர்களுக்கு ஹாஷ் பிடிக்காது, சாய்கோடு வேண்டும். ஆன்_ஆக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி ஹாஷுக்குப் பதில் சாய்கோடு போட்டு ஒட்டுங்கள், முடிந்தது.

பொம்மனஹள்ளி_புதுசு · செவ்வாய், பகல் 12:10

முடியவில்லை. அதே ஃபால்ட்.

ஜேசன்_பிரியர் · செவ்வாய், பகல் 12:26

பெரியவர் சொன்னது டாட்நெட்டின் பழைய ஏஎஸ்எம்எக்ஸ் சர்வீசுக்குச் சரி. டபிள்யூசிஎஃப் நடுவில் இன்னொரு துண்டு சேர்க்கும்: நேம்ஸ்பேஸ், சாய்கோடு, கான்ட்ராக்ட் பெயர், சாய்கோடு, மெத்தட். அந்தக் கான்ட்ராக்ட் பெயர் பெரும்பாலும் ஐ என்ற எழுத்தில் தொடங்கும். ஊகித்து ஒட்டாதீர்கள். டபிள்யூஎஸ்டிஎல்-ஐத் திறந்து பைண்டிங் பகுதியில் சோப்ஆக்‌ஷன் என்று தேடுங்கள், அங்கே இருக்கும் சரத்தை அப்படியே காப்பி பண்ணி ஸ்கிரிப்டில் போடுங்கள். ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் அவனுக்கு அது வேறு ஊர்.

பழைய_பெர்ல்காரன் · செவ்வாய், பகல் 12:30

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏஎஸ்எம்எக்ஸ் காலத்திலேயே நின்றுவிட்டேன்.

பொம்மனஹள்ளி_புதுசு · செவ்வாய், பகல் 1:05

200!!! வெற்றி! ஜேசன் அண்ணா, ஃபில்டர் காபி என் கணக்கு. பெரியவருக்கு அல்சூர் வந்து வாங்கித் தருகிறேன்.

பொம்மனஹள்ளி_புதுசு · வியாழன், மாலை 6:20

மறுபடியும் நான்தான். கிரான் இரண்டு ராத்திரியாக ஒழுங்காக ஓடுகிறது, எல்லாம் 200. ஆனால் இன்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபோன். சில வாடிக்கையாளர்களின் பெயர் திரையில் குப்பையாகத் தெரிகிறதாம். அனுப்பிய படத்தில் ‘4கே6யு4கே+பி’ என்று ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி நீளத்துக்குப் போகிறது, பெயர் ‘முருகன்’ என்று இருக்க வேண்டிய இடம். எல்லாம் ஓசூர் கிளைப் பதிவுகள். அங்கே இந்த மாதம்தான் பெயரைத் தமிழிலும் வாங்க ஆரம்பித்தோம், ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. என்க்ரிப்ட் ஆகிவிட்டதா?

தயிர்சாதம் · வியாழன், மாலை 6:34

என்க்ரிப்ட் எல்லாம் இல்லை, பேஸ்64. பைட்டுகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக எழுதும் முறை. அதுவும் தமிழ் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

யூனிகோட் எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆக ஒரு குறியீட்டுக்குச் சரியாக நான்கு எழுத்து, மிச்சம் மீதி கிடையாது. நம் எழுத்துகளின் முதல் இரண்டு பைட்டும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் நான்கில் முதல் மூன்று எப்போதும் ‘4கே6’ அல்லது ‘4கே+’ என்றுதான் வரும், நான்காவதில்தான் ஆள் மாறும். ‘4கே6யு’ என்றால் ம. அடுத்த ‘4கே+பி’ உகரக் கொம்பு. ஆக மு. மீதியையும் இப்படியே படித்துவிடலாம், நான் பழகிவிட்டேன், பெருமைப்பட ஒன்றுமில்லை.

இது சோப் லைட்டின் வேலை. நீங்கள் வகை சொல்லாவிட்டால் மதிப்பைப் பார்த்து அதுவே ஊகிக்கும். கதவு எண் 12 என்றால் இன்ட், 12ஏ என்றால் ஸ்ட்ரிங். ஆஸ்கி-க்கு (ஆங்கில எழுத்தும் எண்ணும்) வெளியே ஒரு பைட்டைக் கண்டால் ஏதோ படமோ ஃபைலோ என்று நினைத்து பேஸ்64 ஆக்கி, பேஸ்64பைனரி என்று முத்திரையும் குத்திவிடும். எதிர்ப்பக்கத்து டபிள்யூஎஸ்டிஎல்-ல் அந்த இடம் ஸ்ட்ரிங் என்று இருக்கும், அவர்கள் வந்ததை அப்படியே பெயராக எடுத்துக்கொள்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பெயர், முகவரி, கதவு எண் எல்லாவற்றுக்கும் சோப் டேட்டா போட்டு டைப் ஸ்ட்ரிங் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கு ஊகிக்க இடமே கொடுக்காதீர்கள்.

பொம்மனஹள்ளி_புதுசு · வியாழன், இரவு 8:50

போட்டேன். இப்போது குப்பை வேறு மாதிரி ஆகிவிட்டது: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே வட்டம்...

தயிர்சாதம் · வியாழன், இரவு 8:58

அது முன்னேற்றம்தான். இரண்டு முறை யுடிஎஃப்-8 ஆகிறது. டேட்டாபேஸிலிருந்து பெயர் வெறும் பைட்டாக வருகிறது, பெர்ல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்து என்று நினைத்து மறுபடி மாற்றுகிறது. உள்ளே வரும் வாசலில் ஒரே ஒரு முறை டிகோட் செய்யுங்கள், வெளியே போகும் வாசலில் ஒரே ஒரு முறை என்கோட். வெளி வாசல் சோப் லைட்டின் கையில் இருக்கிறது, நீங்கள் தொட வேண்டாம்.

பொம்மனஹள்ளி_புதுசு · வெள்ளி, காலை 10:40

வந்துவிட்டது! ஓசூரிலிருந்து படம் அனுப்பினார்கள், ‘முருகன்’ முழுசாக, புள்ளியோடு. கெட்டுப்போன பதிவுகளைத் திரும்ப அனுப்பிவிட்டேன். புதிதாகச் சேர்க்காமல் திருத்து என்ற மெத்தடில் அனுப்பினேன், இல்லாவிட்டால் எல்லோரும் இரண்டிரண்டாக நின்றிருப்பார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திரும்பி வந்தது. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் ஒரு பெயர். எங்கள் டேட்டாபேஸில் இருப்பதும் அவர்களிடம் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்குவது) பண்ணியும் பார்த்துவிட்டேன், பயன் இல்லை.

தயிர்சாதம் · வெள்ளி, காலை 10:52

நார்மலைஸ் செய்தால் ஒகர ஓகாரக் கொம்புத் தகராறு தீரும், இது தீராது. ஸ்ரீ-யை இரண்டு விதமாக எழுதலாம். ஸ-வில் தொடங்குவது பழைய முறை. 2005-ல் யூனிகோட் 4.1-ல் ஶ என்று தனி எழுத்து வந்தது, அதில் தொடங்குவது இன்னொன்று. பல ஃபான்ட்களில் இரண்டும் ஒரே உருவம், கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஓசூரில் ஒரு கீபோர்டு, அங்கே ஒரு கீபோர்டு.

கண்ணால் பார்த்துப் பயனில்லை. இரண்டையும் பேஸ்64 ஆக்கி முதல் நான்கு எழுத்தைப் பாருங்கள்.

பொம்மனஹள்ளி_புதுசு · வெள்ளி, காலை 11:03

எங்களுடையது 4கே64. அவர்களுடையது 4கே62.

நேற்று முழுக்க இந்த பேஸ்64-ஐத்தான் ஒழித்துக்கட்டினேன்.